ஊருக்கொரு பட்டப்பேர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்க மாநிலங்களின் பட்டப்பெயர்களை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டிருந்தோம். பெயரைச் சொன்னோம், காரணத்தைச் சொல்லவில்லை. மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் ஏழுக்கு இங்கே பதில்.

தூங்கா நகரம் என்பது நம் ஜனங்களாக வைத்த பேர். அமெரிக்க மாநிலங்களின் பட்டப்பெயர்களை அரசாங்கம் வைத்ததா, ஜனங்கள் வைத்ததா? தெற்கு டகோட்டாவைச் ‘சூரிய ஒளி மாநிலம்’ என்று போட்டிருந்தீர்கள். அது புளோரிடா அல்லவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மேலூர்

முதலில் திருத்தம். நீங்கள் சொல்வதே சரி, ஐயா. தெற்கு டகோட்டாவும் ஒரு காலத்தில் ‘சூரிய ஒளி மாநிலம்’ என்றுதான் அழைத்துக்கொண்டது. 1970-இல் புளோரிடா அதே பெயரைச் சட்டமாக்கியது. 1992-இல் தெற்கு டகோட்டா அதை விட்டுவிட்டு, மலையில் நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையின் பெயருக்கு மாறிக்கொண்டது. பழைய பொது அறிவுப் புத்தகத்திலிருந்து எடுத்ததால் வந்த பிழை அது. பிள்ளைகளின் நோட்டில் திருத்திவிடச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஜனங்கள் முதலில் கூப்பிடுகிறார்கள், சட்டமன்றம் பின்னால் எழுதிக்கொள்கிறது. கலிபோர்னியாவில் கொலோமா என்ற இடத்து மரம் அறுக்கும் மில்லில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டது 1848 ஜனவரி 24. ‘பொன் மாநிலம்’ சட்டப்படியான பெயரானது 1968-இல். நடுவில் 120 வருடம் அது வெறும் வாய்வழக்கு.

சட்டமன்றமே முந்திக்கொண்டு வைக்கிற பெயர் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆர்கன்சாவைப் பாருங்கள். 1923-இல் ‘அதிசய மாநிலம்’, 1953-இல் ‘வாய்ப்புகளின் நிலம்’, 1995-இல் ‘இயற்கை மாநிலம்’. நெப்ராஸ்கா மரம் நடும் நாளைத் தொடங்கிவைத்த மாநிலம். அந்தப் பெருமையில் 1895-இல் ‘மரம் நடுவோர் மாநிலம்’ என்று சட்டம் போட்டார்கள். ஆனால் ஜனங்கள் வாயில் இருந்தது சோளக்கதிரின் தோகையை உரிப்பவர்கள் என்ற பெயர். 1945-இல் சட்டம் இறங்கி வந்து அதையே ஏற்றுக்கொண்டது.

நியூ ஜெர்சியில் இதற்காகச் சண்டையே நடந்தது. வாகன நம்பர் பிளேட்டில் ‘தோட்ட மாநிலம்’ என்று அச்சிட 1954-இல் மசோதா வந்தது. ஆளுநர் ராபர்ட் மேனர் கையெழுத்துப் போட மறுத்தார். இந்த மாநிலத்தில் விவசாயம் பல தொழில்களில் ஒன்றுதான், அதை மட்டும் அடையாளமாகச் சொல்வானேன் என்பது அவர் வாதம். சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. இன்றும் அந்த பிளேட்டில் அதே எழுத்துதான்.

என் மகன் ஒஹையோவில் படிக்கிறான். அங்கே எல்லோரும் தங்களை ‘பக்ஐ’ என்று சொல்லிக்கொள்கிறார்களாம். அது ஒரு கொட்டை என்றும், அதிர்ஷ்டத்துக்குப் பையில் போட்டுக்கொள்வார்கள் என்றும் சொன்னான். அதைத் தின்னலாமா? அந்தப் பெயரில் ஒரு இனிப்பும் உண்டாமே, வீட்டில் செய்ய முடியுமா?
— வாசகி ஒருவர், வில்லாபுரம்

அம்மா, முதலில் மகனுக்குச் சொல்லிவிடுங்கள்: அந்தக் கொட்டையைத் தின்னக் கூடாது. விதை, பட்டை, தளிர் எல்லாமே நஞ்சு. வாந்தியும் தள்ளாட்டமும் வரும், ஆடு மாடுகளுக்கும் ஆகாது. அங்கே குளிர்காலத்தில் வறுத்துத் தின்கிற செஸ்ட்நட் கொட்டையும் இதே பழுப்பு நிறம், இதே பளபளப்பு. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். தின்னத் தகுந்த செஸ்ட்நட்டின் நுனியில் சின்னக் குஞ்சம் போல ஒரு கூர் இருக்கும், மேல்தோட்டில் ஊசி ஊசியாக நெருக்கமான முள். பக்ஐ உருண்டையாக இருக்கும், கூர் கிடையாது, தோட்டில் அங்கங்கே மொட்டை முள் மட்டும். கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கும்போது தோட்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே வராது.

பழுப்புக் கொட்டையில் வெளிறிய வட்டம் ஒன்று இருக்கும். அது ஆண் மானின் கண் போலத் தெரிவதால் மரத்துக்கு அந்தப் பெயர். பக் என்றால் ஆண் மான், ஐ என்றால் கண். மரத்தின் பெயர் மனிதருக்கு ஒட்டியதில் 1840 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒஹையோவில் குடியிருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனை, மரக்கட்டைக் குடிசையில் உட்கார்ந்து புளித்த ஆப்பிள் சாறு குடிக்கத்தான் லாயக்கு என்று எதிர்த்தரப்பு இளக்காரம் செய்தது. அவருடைய ஆட்கள் அந்த ஏச்சையே கொடியாக்கிவிட்டார்கள். பக்ஐ மரத்தில் குடிசை கட்டி ஊர்வலத்தில் இழுத்தார்கள், பக்ஐ கைத்தடிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர் ஜெயித்தார். 1953-இல் அந்த மரம் ஒஹையோவின் மாநில மரமானது.

இனிப்பில் அந்தக் கொட்டை துளியும் இல்லை. வேர்க்கடலை உருண்டையைச் சாக்லேட்டில் முக்கால்வாசி முக்கி எடுத்து, உச்சியில் மட்டும் வட்டமாக வெளிறிய கண்ணை விட்டுவிடுவதுதான் சங்கதி. பீனட் பட்டர் 1 கப், உப்பில்லாத வெண்ணெய் கால் கப், பொடித்துச் சலித்த சர்க்கரை 2 கப், வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன். பிசைந்தால் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக வர வேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் 2 ஸ்பூன் சர்க்கரைப் பொடி சேருங்கள். பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, ஃப்ரீசரில் 30 நிமிடம் வையுங்கள். டார்க் சாக்லேட் 200 கிராமைத் துருவி, கொதிநீர் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். உருண்டையை டூத்பிக்கில் குத்தி முக்கி, பட்டர் பேப்பரில் வைத்து, குச்சி குத்திய ஓட்டையை விரலால் தடவி மூடிவிட வேண்டும்.

கெட்டுப்போகிற இடம் மூன்று. உருகும் சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரோ ஆவியோ விழுந்தாலும் அது மணல் போலத் திரைந்துவிடும். சர்க்கரையில் கட்டி இருந்தால் உருண்டை வெடிக்கும். மூன்றாவது நம் ஊர் வெயில்: சித்திரை, வைகாசியில் பத்துப் பத்தாக எடுத்து முக்குங்கள், மிச்சம் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் உருண்டை இளகிக் குச்சியிலிருந்து நழுவிச் சாக்லேட்டுக்குள் விழுந்துவிடும். செய்து முடித்ததும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

பென்சில்வேனியாவுக்கு ‘கீஸ்டோன்’ என்று பெயர் போட்டிருந்தீர்கள். சாவிக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?
— கட்டட மேஸ்திரி ஒருவர், ஒத்தக்கடை

உங்களுக்குத் தெரிந்த கல்தான், மேஸ்திரி. ஆர்ச்சின் உச்சியில், இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வந்து கடைசியாக இறக்குகிற ஆப்புக் கல். மேலே அகலம், கீழே ஒடுக்கம். அது உட்காரும் வரை மொத்தப் பாரத்தையும் கீழே கொடுத்த மரச்சாரம்தான் தாங்குகிறது. அது இறுகிய பிறகே சாரத்தைப் பிரிக்கலாம். ஆப்பு லூசாக இருந்தால், சாரத்தை எடுத்தவுடன் உச்சி இறங்கி, இரண்டு தோள்களும் வெளியே பிதுங்கும். திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, கடைசியாக வைக்கிற அந்தத் துண்டின் அருமை தெரியும்.

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். பிரிட்டனிடமிருந்து பிரிந்த முதல் மாநிலங்கள் 13. வடக்கே நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட், நியூயார்க், நியூ ஜெர்சி என்று ஆறு. தெற்கே டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா என்று ஆறு. நடுவில் நிற்பது பென்சில்வேனியா. 1802-இல் அப்போதைய ஜனாதிபதி ஜெபர்சனின் கட்சி நடத்திய வெற்றி விருந்து ஒன்றில் அந்த மாநிலத்தைக் கூட்டாட்சி வளைவின் உச்சிக்கல் என்று வாழ்த்திப் பேசினார்கள். சுதந்திரப் பிரகடனமும் அரசமைப்புச் சட்டமும் உருவானது அந்த மாநிலத்து பிலடெல்பியா நகரில் என்பதால் உவமை இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. தமிழில் ‘சாவிக்கல்’ என்று போடுகிறார்கள், அது பொருந்தாது. வாசகருக்கு உடனே கண்ணில் படுகிற சொல் ‘உச்சிக்கல்’.

யானைமலை அடிவாரத்திலிருந்து எழுதுகிறீர்கள். உங்களுக்காக ஒன்று கூடுதலாக: ‘கருங்கல் மாநிலம்’ என்றே ஒன்று இருக்கிறது, நியூ ஹாம்ப்ஷயர். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் பழைய கட்டடத்துக்கு வெளிச்சுவர்க் கல் போனது அந்த மாநிலத்துக் கான்கார்ட் குவாரியிலிருந்து.

கனெக்டிகட்டை ‘சாதிக்காய் மாநிலம்’ என்று படித்தேன். அவ்வளவு குளிரில் சாதிக்காய் விளையுமா?
— மளிகை வியாபாரி ஒருவர், கீழமாசி வீதி

விளையாது, அண்ணாச்சி. சாதிக்காய்க்கு வெயிலும் மழையும் ஈரக்காற்றும் வருடம் முழுக்க வேண்டும். பனி விழுகிற ஊரில் மரம் பிழைக்கவே பிழைக்காது. அங்கே இருந்தது மரமல்ல, வியாபாரி. தகரப் பாத்திரம், கடிகாரம், மசாலாச் சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக, தென் மாநிலங்கள் வரைக்கும் போய் விற்ற கனெக்டிகட்காரர்கள். அவர்கள் மரக்கட்டையைச் சாதிக்காய் மாதிரிக் கடைந்து விற்றுவிட்டார்கள் என்று மற்ற மாநிலத்தார் பேசிய பேச்சுதான் பெயராக நின்றது.

இதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. சாதிக்காயைத் துருவித்தான் போட வேண்டும் என்று தெரியாதவர்கள், கொட்டை மாதிரி உடைத்துப் பார்த்து, உடையாததால் ‘இது கட்டை’ என்று திட்டியிருக்கலாம் என்பது. எங்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. ஒரு சாதிக்காய் அளவுக்குக் கட்டையைக் கடைந்து, மேலே வரி வரியாகச் செதுக்கி, நிறம் ஏற்றுகிற கூலிக்கு விற்பனை விலை கட்டுமா என்று வியாபாரியான நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நல்ல சரக்கைச் சோதிப்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கு வாங்கும் வாசகிகளுக்காக எழுதுகிறோம்: நகத்தால் அழுத்திக் கீறினால் எண்ணெய் கசிந்து மணக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் வெளிறிய உடம்பில் பழுப்பு நரம்புகள் ஓடும். கையில் கனக்க வேண்டும். லேசாக இருந்து ஊசித் துளை தெரிந்தால் பூச்சி உள்ளே தின்றுவிட்டது என்று அர்த்தம். பொடியாக வாங்கினால் இந்தச் சோதனை எதுவும் நடக்காது, ஆகவே காயாகவே வாங்குங்கள்.

கனெக்டிகட் 1959-இல் ‘அரசமைப்பு மாநிலம்’ என்ற கௌரவமான பெயரைச் சட்டமாக்கிக்கொண்டது. அங்குள்ள மூன்று ஊர்கள் 1639-இல் சேர்ந்து எழுதிக்கொண்ட ஆட்சி விதிகளை உலகின் முதல் எழுத்து அரசமைப்புகளில் ஒன்றாக அவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த ஊர்க்காரர்களை ‘நட்மெக்கர்’, அதாவது சாதிக்காய்க்காரர், என்று கூப்பிடுவது இன்னும் நிற்கவில்லை.

எங்கள் கிராமத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் பட்டப்பேர் உண்டு, முக்கால்வாசி திட்டுவதற்காக வைத்தது. அமெரிக்காவிலும் அப்படியா?
— கல்லூரி மாணவர் ஒருவர், உசிலம்பட்டி

அப்படியேதான். அதிலும் வலி மிகுந்தது ஓக்லஹோமாவின் ‘சூனர்’. அந்தச் சொல்லுக்கு ‘முந்திக்கொண்டவன்’ என்று பொருள். 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணிக்குச் சுமார் 20 லட்சம் ஏக்கர் நிலத்தை, முதலில் ஓடிப் போய் முளை அடிப்பவருக்கு என்று அரசு திறந்துவிட்டது. ஆளுக்கு 160 ஏக்கர். எல்லைக்கோட்டில் குதிரை, வண்டி, ரயில் என்று சுமார் 50,000 பேர் காத்து நின்றார்கள். 12 மணிக்கு முன்னால் உள்ளே நுழைந்தவருக்கு நிலம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அப்படியும் முந்தின இரவே போய்ப் புதரில் ஒளிந்திருந்து, 12 அடித்ததும் எழுந்து வந்தவர்கள் பலர். அவர்களைத் திட்டிய சொல்தான் ‘சூனர்’. வழக்குகள் வருடக்கணக்கில் நடந்து, பலருடைய பட்டா ரத்தானது. 1908-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணி இதைத் தன் பெயராக வைத்துக்கொண்ட பிறகு, திட்டு பெருமையாகிவிட்டது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். அது யாருமற்ற நிலம் அல்ல. க்ரீக், செமினோல் பழங்குடிகளின் கையிலிருந்து அரசு வாங்கிக்கொண்ட நிலம். அவர்களே அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பு கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு அங்கே வந்து குடியேற்றப்பட்டவர்கள். அவர்களை வைத்துப் பார்த்தால், அந்த 12 மணிக்குக் கோட்டில் ஒழுங்காக நின்றவரும் முந்திக்கொண்டவர்தான்.

வட கரோலினாவின் பட்டப்பேர் ‘தார்க் குதிகால்’. மரக்கப்பலின் இடுக்குகளை அடைக்கவும் கயிற்றை ஊறவைக்கவும் தார் வேண்டும். அது நீள்ஊசிப் பைன் மரத்திலிருந்து கிடைத்தது. நம் பக்கம், குறிப்பாக ராமநாதபுரம், விருதுநகர் காடுகளில் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலை. நடுவில் சரிவாகப் பள்ளம் எடுத்து, களிமண் பூசி, பிசின் ஏறிய காய்ந்த பைன் விறகை அடுக்கி, மண்ணும் பைன் ஊசிகளும் போட்டு மூடி, மேலிருந்து தீ வைப்பார்கள். விறகு புகைந்து வெந்து, தார் நடுப் பள்ளத்தில் இறங்கி, குழாய் வழியே வெளியே தொட்டிக்கு வடியும். நாள்கணக்கில் இரவும் பகலும் ஆள் நிற்க வேண்டும். மூட்டத்தில் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் தீ கொழுந்துவிட்டுத் தாரையே தின்றுவிடும். காற்று போதாவிட்டால் தணல் செத்துவிடும். நம் மூட்டத்தில் கரிதான் சரக்கு, அங்கே தார் சரக்கு, கரி உபரி. இந்த வேலையை அடிமைகளும் ஏழைகளும் வெறுங்காலோடு செய்தார்கள். குதிகாலில் ஒட்டிய தார் கழுவினாலும் போகாது. ‘தார் ஒட்டிய கால்காரன்’ என்ற கேலியை, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்த மாநிலச் சிப்பாய்கள், ‘ஆமாம், களத்தில் ஒட்டிக்கொண்டு நிற்போம்’ என்று திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

விஸ்கான்சினின் பெயரில் இருக்கிற பேட்ஜர், அதாவது வளைக்கரடி, உண்மையில் மனிதரைக் குறிக்கிறது. 1820, 30-களில் ஈயம் தோண்ட வந்தவர்கள் வீடு கட்ட நேரமில்லாமல் மலைச்சரிவில் வளை தோண்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். மின்னசோட்டாவின் ‘கோபர்’ ஒரு கேலிச்சித்திரத்திலிருந்து வந்தது. 1858-இல் ரயில் பாதைக்கு 50 லட்சம் டாலர் கடன் கொடுக்கும் திட்டத்தைக் கிண்டல் செய்து, மனிதத் தலை வைத்த கோடுபோட்ட கோபர்கள் ரயில் பெட்டியை இழுப்பதாக வரைந்தார்கள். அந்தக் கோடுபோட்ட கோபர் அணில் இனத்து வளைவாசி, எலி அல்ல.

எங்கள் மல்லிகைக்காக மதுரைக்குப் பேர் இருப்பது போல, பூவால் பேர் பெற்ற மாநிலம் உண்டா?
— பூ வியாபாரி ஒருவர், மாட்டுத்தாவணி

உண்டு. மிசிசிப்பி ‘மக்னோலியா மாநிலம்’, கான்சாஸ் ‘சூரியகாந்தி மாநிலம்’. ஆனால் நம் மல்லிக்கு 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடு போன்ற பாதுகாப்பு அங்கே பட்டப்பெயருக்குக் கிடையாது, விளைச்சலுக்கும் அது உத்தரவாதமில்லை. ஜார்ஜியா ‘பீச் பழ மாநிலம்’. பீச் அதிகம் விளைவதோ கலிபோர்னியாவிலும் தென் கரோலினாவிலும்தான்.

பள்ளி வினாடி வினாவுக்கு இவற்றைத் தொகுக்கிறோம். ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? பெண்கள் தொடர்பான பெயர் ஏதாவது உண்டா?
— ஆசிரியை ஒருவர், வாடிப்பட்டி

கேள்வித்தாளில் ‘பட்டப்பெயர் என்ன?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘சட்டப்படியான பட்டப்பெயர்’ என்றோ, ‘வழக்கில் உள்ள பட்டப்பெயர்களில் ஒன்று’ என்றோ கேளுங்கள், பாதித் தகராறு அங்கேயே தீரும். பிறகு குறிக்கோள் வாசகத்தைத் தனியாகப் பிரியுங்கள். மின்னசோட்டாவின் ‘வடக்கின் விண்மீன்’ முதலில் அதன் குறிக்கோள் வாசகம், பட்டப்பெயராகப் புழங்குவது அதிலிருந்து வந்தது. அடுத்து, பெயரோடு வருகிற கதையில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு, ஊர், ஆள் மூன்றும் இல்லாத கதையைக் கேள்வியாக்க வேண்டாம். மிசௌரியின் ‘காட்டினால்தான் நம்புவேன்’ என்ற பெயருக்கு, அந்த மாநில காங்கிரஸ் உறுப்பினர் வில்லர்ட் வாண்டைவர் 1899-இல் பிலடெல்பியாவில் பேசிய பேச்சு இருக்கிறது. அவருக்கு முன்பே சொல் புழங்கியது, ஆகவே ‘பரப்பியவர்’ என்று எழுதுங்கள், ‘உருவாக்கியவர்’ என்று வேண்டாம். இண்டியானாவின் ‘ஹூசியர்’ என்ற சொல்லுக்கு அறிஞர்களே இன்னும் ஒத்துக்கொண்ட காரணம் இல்லை, அதைக் கேட்கவே கேட்காதீர்கள். எண்ணையும் சரிபாருங்கள். ‘பத்தாயிரம் ஏரிகளின் நிலம்’ என்கிற மின்னசோட்டாவில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842.

பெண்கள் தொடர்பான பெயர் வயோமிங்கினுடையது: ‘சமத்துவ மாநிலம்’. அது மாநிலமாகும் முன்பே, 1869 டிசம்பர் 10 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டது. அமெரிக்கா முழுமைக்கும் அது வர 1920 ஆனது. நம் சென்னை மாகாணத்தில் 1921. வயோமிங்கில் ஆண்கள் மிகுந்து பெண்கள் குறைவாக இருந்ததால் குடியேற ஆள் இழுப்பதும் ஒரு நோக்கம்தான். அதனால் உரிமையின் மதிப்புக் குறைந்துவிடாது. 1870 செப்டம்பர் 6 காலையில், லாரமி என்ற ஊரில் லூயிசா ஸ்வெயின் என்ற 69 வயதுப் பாட்டி, ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கச் சின்னத் தகர வாளியோடு கடைக்குக் கிளம்பினார். வழியில் வாக்குச்சாவடி. கதவு திறக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை. இருந்தவர்கள் அவரை உள்ளே விட்டார்கள், வாக்குப் போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு ஈஸ்ட் வாங்கப் போனார்.